பாடமும் பந்தியும்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் உள்ள கழுகுமலையின் பாறைச் சரிவில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டு, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் அடியில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியின் கீழ் அங்கே விளங்கிய சமண நிலையத்தின் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அந்தப் பெயர்களின் வாயிலாகவே நமக்கு அறிமுகமாகிறார்கள். குரவர்களோடு குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும், இன்னாருடைய மாணாக்கர், இன்னாருடைய மாணாக்கியர் என்னும் குறிப்புகளும் அங்கே மிகுதி. அந்தச் சாசனங்களுள் ஒன்று, சித்தாந்தம் உரைக்கும் படாரர் ஒருவர் உள்ளிட்ட வைராக்கியர் பதின்மருக்கு ஆகாரம் அளிப்பதற்கென்று விடப்பட்ட தானத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்று தானங்களை நான்காக வகுத்த சமயத்தார், வானம் பார்த்த இந்தச் சீமையில் சாஸ்திரத்தை நிலைநிறுத்த விரும்பியபோது, ஆகாரத்துக்கும் சேர்த்தே வழி செய்துவைத்தார்கள்.

மதத்தைச் சார்ந்து மாணாக்கரைத் தன்னிடத்திலேயே உறையவைத்துக் கற்பிக்கும் பள்ளியையும், காலையில் வந்த பிள்ளையை மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளியையும் எதிரெதிரே நிறுத்தித் தாரதம்மியம் ஆராய்வோர், பெரும்பாலும் பிரார்த்தனையையும் ஒழுக்கத்தையும் மதமாற்றத்தையும் பற்றியே வாதிக்கிறார்கள். அவை அற்ப விஷயங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கரிசல் பூமியின் கல்விச் சரித்திரத்தை ஆற அமர நோக்குவோருக்கு, இவ்விரு வகைப் பள்ளிகளையும் பிரித்த சுவர் ஜெபக்கூடத்தின் சுவரன்று, அடுப்பங்கரையின் சுவரே என்பது தெளிவாகும். பிள்ளைக்கு யார் சோறு போடுவது, அந்தச் சோற்றை யாரோடு அமர்ந்து அது உண்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் உறைவிடப் பள்ளி நாள்தோறும் விடை சொல்லியாகவேண்டியிருந்தது. பகற்பள்ளியோ வெகுகாலம் அவற்றைக் கேளாமலே இருந்துவிட்டது.

இந்தச் சீமையின் இயல்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று பரந்து கிடக்கும் இப்பிராந்தியத்தில் வற்றாத நதி கிடையாது. வைப்பாறும் மழை கண்டால்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையை நம்பியே கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பருத்தியும் விளைந்தாக வேண்டும். கோடையில் ஆடு கால் வைத்தால் அகப்பட்டுக்கொள்ளும்படி வெடித்துக் கிடக்கும் அதே மண், மழை பெய்த மறுநாள் நடப்பவனின் பாதத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடிக்கொண்டே வர, பத்து வயதுப் பிள்ளை அரை மைல் போவதற்குள் இரண்டு மூன்று தரம் நின்று, வேலிக் குச்சியை ஒடித்துப் பாதத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் மேலே நடக்கமுடியும். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அக்கரைப் பிள்ளை இக்கரைப் பள்ளிக்கு வராது. மழை வெறித்தாலோ களையெடுப்பு. கதிர் பால் பிடித்தால் பரண்மேல் நின்று குருவி விரட்டுதல். மாசி பங்குனியில் பருத்தி எடுப்பு. இடையிலுள்ள நாட்களிலெல்லாம் ஆடு மாடு மேய்ப்பு. காட்டுக்குப் போன பிள்ளைக்கு ஒரு சட்டிக் கம்பங்கூழும் காணத் துவையலும் கிடைக்கும். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு மத்தியானத்தில் ஒன்றும் கிடையாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எந்தத் தாய்க்கும் எண்சுவடி தேவைப்படவில்லை. கரிசல் வாழ்க்கையைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநாட்டிய இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் நீடித்தவரல்லர் என்பதும், காடும் கண்மாயும் பறவைகளுமே அவருடைய கதைச் சிறுவர்களுக்கு உபாத்தியாயர்களாக அமைந்தன என்பதும் இந்த மண்ணின் இயல்பை ஒட்டியவையே.

திண்ணைப் பள்ளிக்கூடம் இந்த நிலைமைக்குத் தன்னைப் பொருத்திக்கொண்ட பழைய ஸ்தாபனம். விடியுமுன் பிள்ளைகள் கூடிப் பாடம் சொல்லிவிட்டு, கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். வாத்தியாருக்குச் சம்பளம் தானியமாக வந்து சேரும். மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைகளில் கண்ட இந்தச் சட்டாம்பிள்ளை முறையையும் மணலெழுத்தையும் தம் விடுதியில் கைக்கொண்டு, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட, சென்னை முறை என்ற பெயராலேயே அது அத்தேசத்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று. 1826இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ தொகுத்து வெளியிட்ட கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தார்கள். ஜனத்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். எஞ்சிய ஜனங்களில் பெண்கள் ஏறக்குறைய அனைவரும் அடக்கம்; கூலி விவசாயிகளின் பிள்ளைகளும் அடக்கம். மத்தியானக் கஞ்சிக்கு வீட்டில் வழியுள்ளவனுக்கு மட்டுமே திண்ணைப் பள்ளி பயன்பட்டது.

மிஷன் பள்ளிகளின் வரவால் நேர்ந்த மாறுதலை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் முதலானோர் ஊர்தோறும் பகற்பள்ளிகளைத் திறந்தபோதும், பெண் பிள்ளைகளுக்கும் வருங்கால உபதேசிமாருக்கும் உறைவிடப் பள்ளிகளையே ஆதாரமாகக் கொண்டார்கள். கரிசலுக்கு அந்த இயக்கம் சற்றுத் தாமதித்தே வந்தது. கேம்பிரிட்ஜ் கலாசாலை ஒன்றில் உயர்ந்த பதவி வகித்துவிட்டு வந்த தாமஸ் ராக்லண்ட், 1854 முதல் ஃபென், மெடோஸ் என்னும் தோழர்களுடன் வட திருநெல்வேலியின் கிராமங்களில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, 1858 அக்டோபரில் சிவகாசியில் காலமானார். பின்னர் சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அந்த மிஷனின் நிலையமாக வளர்ந்தது; விளாத்திகுளம் பக்கத்தில் நாகலாபுரம் மற்றொரு மிஷனின் நிலையமாயிற்று. கத்தோலிக்கர்களோ இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்னமே, வீரமாமுனிவர் வந்து தங்கிய காமநாயக்கன்பட்டியில் வேரூன்றியிருந்தார்கள்.

'போர்டிங்' என்றே ஜனங்கள் சொல்லும் அந்த உறைவிடப் பள்ளியின் நாள், மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடிந்தது. இருள் பிரியுமுன் எழுந்து வளவைக் கூட்டிப் பெருக்கி, கிணற்றில் நீர் இறைத்து, ஜெபம் முடித்துக் கஞ்சி குடித்த பிறகே பாடம். பெண் பிள்ளைகள் தங்கள் உணவுக்கான தானியத்தைத் தாங்களே குத்திப் புடைத்துச் சமைத்தார்கள். மாலையில் தையலும் பின்னலும் பழகினார்கள். இராத்திரி விளக்கைச் சுற்றி அமர்ந்து மறுநாள் பாடத்தைப் படிக்கும் ஒரு மணி நேரம் இருந்ததே, அது எந்தக் கரிசல் குடிசையிலும் எந்தப் பிள்ளைக்கும் கிடைத்திராத சௌகரியம். வீட்டில் இருட்டியதும் படுக்கையாதலால், பகலில் பள்ளியில் கேட்டதெல்லாம் பகலோடு போயிற்று. விடுதியின் படிப்பு நிலைத்ததற்கும் ஊர்ப் பள்ளியின் படிப்பு நழுவியதற்கும், சோற்றுக்கு அடுத்தபடியான காரணம் அந்த விளக்குதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சரித்திரகாரர்கள் போதுமான அளவு வலியுறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. உறைவிடப் பள்ளியும் பகற்பள்ளியும் போட்டியாளர்கள் என்ற எண்ணம் இந்தச் சீமையைப் பொறுத்தவரை பிழையானது. விடுதி ஆசிரியரை உண்டாக்கியது. ஊர்ப் பள்ளி அவரைப் பெற்றுக்கொண்டது. இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத சாரா டக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் பெயரால் பாளையங்கோட்டையில் எழுந்த நிலையம், கிறிஸ்தவப் பெண்களை உறையவைத்து ஆசிரியைகளாகப் பயிற்றிச் சுற்றுக் கிராமங்களிலும் பட்டணங்களிலும் பெண்களுக்கென்று திறந்த கிளைப் பகற்பள்ளிகளுக்கு அனுப்பியது. அந்த நிலையமே 1895இல் கல்லூரியாகவும் உயர்ந்தது. வயது வந்த பெண்ணைத் தெரு தாண்டவிடாத காலத்தில், தனியே ஓர் ஊரில் வீடெடுத்துத் தங்கிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பெண்ணை உருவாக்கும் ஆற்றல் எந்தப் பகற்பள்ளிக்கும் இருந்ததில்லை. ஏழெட்டு வருஷம் வீட்டைப் பிரிந்து, பல ஊர்ப் பெண்களோடு உண்டு உறங்கி, கணக்குப் புத்தகம் எழுதி, நோயுற்ற சிறுமியருக்குப் பணிவிடை செய்து பழகிய பின்பே அத்தகைய துணிவு ஒருத்திக்கு உண்டாயிற்று.

தாது வருஷப் பஞ்சம் இந்த ஸ்தாபனங்களுக்குப் பெரும் சோதனையாகவும் பெரும் விருத்தியாகவும் அமைந்தது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய 1876ஆம் ஆண்டிலேதான் மழை பொய்த்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், வைத்துக் காக்க இயலாமல் பெற்றோரே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளையும் மிஷன் வளவுகள் ஏற்றன. கரிசலுக்குத் தெற்கே தேரிக்காட்டோரத்து நாசரேத்தில், அவ்வாண்டில் வந்து பொறுப்பேற்ற மர்காஷியஸ் பாதிரியார், அநாதைச் சிறுவர்களுக்குத் தச்சும் கொல்லும் நெசவும் கற்பிக்கும் கைத்தொழிற்பள்ளியை 1878இல் நிறுவினார். பசித்த பிள்ளைக்குச் சோறிட்டு அதன் சமயத்தை மாற்றினார்கள் என்னும் குற்றச்சாட்டு அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. சோறிட்ட கைக்கு இதயம் சாய்வது மனித இயல்பு. ஆயினும் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லுவோர், அதே பஞ்சத்தில் அதே பிள்ளைகளுக்காக வேறு எத்தனை மடங்களும் சத்திரங்களும் பள்ளிக்கூடத்தோடு கூடிய உலையை ஏற்றின என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்வது நியாயம்.

விடுதி பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்டவையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய சாஸ்திரசாலையிலும், 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியிலும், கடல் கடந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாத பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை என்று நாம் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர்கள் அந்த வழக்கத்தின் சின்னங்கள். சோற்றுக்குக் கடன் பெயரால் தீர்க்கப்பட்டது. இதற்கு மறுமொழியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப் பிரகாச வித்தியாசாலை பகற்பள்ளியாகவே அமைந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிள்ளை வீட்டிலேயே உண்டு, வீட்டுச் சமயத்திலேயே நின்று, மிஷனாரின் வகுப்புமுறையையும் அச்சுப் புத்தகத்தையும் மட்டும் பெறவேண்டும் என்பது நாவலரின் நோக்கம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தோட்டங்களுக்கு நடுவே அது பலித்தது. கரிசலின் கூலிக் குடிசைகளில் வீட்டிலேயே உண்ணும் பிள்ளைக்கு உண்ண ஏதேனும் இருக்கவேண்டுமே.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: யாரோடு உண்பது? கிறிஸ்தவ விடுதிகளும் இதில் எளிதாகத் தேறிவிடவில்லை. சாதி பேதமின்றிச் சமைத்ததை உண்ண மறுப்பவரைச் சபையில் ஏற்கலாகாது என்று சென்னை மிஷனரி மாநாடு 1850இல் தீர்மானம் செய்யவேண்டியிருந்ததே, பந்தி பேதம் எவ்வளவு ஆழமாகச் சபைக்குள்ளும் ஊடுருவியிருந்தது என்பதற்குச் சாட்சி. ஆயினும் இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்டது ஒரு தேசபக்தரின் குருகுலத்தில்தான்.

பாண்டிச்சேரி வாசம் முடிந்து திரும்பி, பெல்லாரிச் சிறையிலும் இருந்துவிட்டு வந்த வ.வே.சு. ஐயர், 1922ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பின்பு தாமிரபரணிக் கரையிலே சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம், அந்நிய ஆட்சியின் பாடசாலைகளுக்கு மாற்றாக ஒரு புதிய தலைமுறையை உருவாக்கும் பெரு நோக்கம் கொண்டது. இலக்கியமும் சாஸ்திரமும் உடலுழைப்பும் கைத்தொழிலும் அங்கே ஒருங்கே போதிக்கப்பட்டன; 'பால பாரதி' என்னும் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி ஐயாயிரத்தை அளித்தது. மலாயாத் தமிழரும் செட்டிநாட்டுத் தனவந்தரும் பொருளுதவி செய்தனர். பிராமணச் சிறுவர் இருவரின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறவேண்டுமென்று கேட்க, எல்லோருடனும் உண்ணும் வழக்கமுடைய ஐயர், அந்த இருவர் விஷயத்தில் மட்டும் இசைந்தார். செய்தி வெளியே பரவியது. பெரியார் ஈ.வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், பொதுப் பணத்தில் நடக்கும் தேசிய ஸ்தாபனத்தில் தனிப்பந்தி கூடாதென்று போராடினார்கள். கொடுத்த வாக்கை அந்த இருவர் அளவில் காப்பாற்றிக்கொண்டு, இனிமேல் அவ்விதம் எவரையும் சேர்க்கவேண்டாம் என்பது காந்தியடிகளின் யோசனையாக இருந்தது. 1925 ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார்.

ஐயரின் தியாகத்தை நான் வணங்குகிறேன். அவருடைய புலமையைத் தமிழ் உள்ளவரை யாரும் குறைத்துப் பேச இயலாது. ஆனாலும் இவ்விஷயத்தில் அவரை எதிர்த்தோர் பக்கமே நியாயம் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் காட்டப்பட்ட அந்தத் தாட்சணியம், மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒவ்வொரு வேளையும் கற்பிக்கப்பட்ட பாடமாகிவிட்டது. இலக்கிய வகுப்பில் ஐயர் என்ன போதித்தாலும் இந்தப் பாடத்தை அழித்தெழுத முடியாது. அதே 1925இல் மாகாணமெங்கும் இருந்த பகற்பள்ளிகளில் நிலைமை என்ன? மத்தியான மணி அடித்ததும் அவரவர் தூக்குச்சட்டியை அவரவர் மூலையில் திறந்துகொண்டார்கள். தண்ணீர்ப் பானை தனியே, குவளை தனியே. பல ஊர்களில் சேரிப் பிள்ளைக்கு உள்ளே இடமே கிடையாது. அங்கே சர்ச்சை எழவில்லை, கமிட்டி கூடவில்லை. சேர்ந்து உண்ணும் கட்டாயம் இல்லாததால் பகற்பள்ளி பேதத்தை மறைத்து வைத்திருந்தது. ஒரே உலையில் சமைத்த உறைவிடப் பள்ளியால் மறைக்க முடியவில்லை. நம் சமூகத்தின் நோய் சேரன்மாதேவியில் வெளிப்பட்டது அந்தக் குருகுலத்துக்கு மட்டுமே உரிய இழிவன்று. சமையலறை உள்ள எந்த ஸ்தாபனத்திலும் அது வெளிப்பட்டே தீர்ந்திருக்கும். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் கண்ட சுவாமி சகஜானந்தரும், 1930இல் கோவையில் ராமகிருஷ்ணர் பெயரால் வித்தியாலயம் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கமும் துறவு நெறியைச் சார்ந்து நின்றே இதற்கு நேரான விடையைச் செய்து காட்டியதால், மதச் சார்பே பேதத்துக்குக் காரணம் என்று சொல்லவும் இடமில்லை.

கரிசலின் வியாபாரப் பட்டணங்களில் பகற்பள்ளி வேறொரு வழியில் பலம் பெற்றது. கழுகுமலையில் 1895இல் தேரோடும் வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றி மூண்ட கலகத்தையும், 1899இல் சிவகாசிக் கலவரத்தையும் கண்ட நாடார் சமூகத்தார், மகமைப் பணத்தைக் கொண்டு பள்ளிகளை எழுப்பினார்கள். விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் சேர்த்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசி விற்றுக் காசாகி உபாத்தியாயரின் சம்பளமாயிற்று. விடுதியில் தானியம் பிள்ளையின் வயிற்றை நிரப்பப் பாடம் பின்தொடர்ந்தது. இங்கே வீட்டாரின் வயிற்றிலிருந்து ஒரு பிடி குறைந்து பாடத்துக்குப் போயிற்று. அந்தப் பிடியரிசிப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போன பையன் ஒருவன், பின்னாளில் முதல் மந்திரியாகி, கரிசல் தொகுதியான சாத்தூரிலிருந்து 1957இலும் 1962இலும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பையனே காமராஜர். அவர் ஒருமுறை பிரயாணத்தில் ரயில்வே கேட்டருகே கார் நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று விசாரிக்க, போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். தெற்கத்தி ஜனங்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடம் சேரன்மாதேவி என்பார்கள். சிறுவனின் கேள்வி என்னவோ கரிசலின் ஒவ்வொரு மேட்டிலும் கேட்கத்தக்க கேள்வி. சென்னை நகரசபை 1920 முதலே தன் பள்ளிகள் சிலவற்றில் சிற்றுண்டி வழங்கிப் பார்த்திருந்தது. கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோவதற்குப் பணம் எங்கே என்ற தயக்கத்தை மீறி, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். செலவை அரசாங்கமும் ஊராரும் பங்கிட்டுக்கொள்வதென்று ஏற்பாடு; கம்போ சோளமோ அரிசியோ, விறகோ காய்கறியோ, ஊரால் இயன்றது பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மேற்படிப்புக்காகப் பாரதி இதே ஊரைவிட்டுத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிக்குச் செல்லவேண்டியிருந்தது. அத்தகைய ஊரிலேயே பகற்பள்ளி, தனக்கு அதுவரை இல்லாதிருந்த அடுப்பை மூட்டிக்கொண்டது. எந்தச் சமயத்தின் பெயரையும் உச்சரிக்காமல் பிள்ளை ஒருவேளைச் சோறு உண்ணும் உரிமையை அன்று பெற்றது. பஞ்சப் பிள்ளைகளின் போர்டிங்குக்கு இருந்த தலையாய காரணம் அன்றோடு தளரத் தொடங்கிற்று.

ஒருவேளைச் சோறு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகியபின், விடியுமுன்னரே கிராமங்களுக்குள் வந்து நின்ற ஆபீஸ் பஸ்களில் அரைத் தூக்கத்தோடு ஏற்றப்பட்ட சிறுமியர், கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வீட்டுக்குக் கூலி கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் சோறுதான் போடும், தீப்பெட்டி ஆபீஸ் காசு கொடுக்கும் என்ற புதிய கணக்கு வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், அதையொட்டிச் சிவகாசியில் சிறப்புப் பள்ளிகளும் வந்த பிறகே அந்தப் பஸ்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. அக்காலத்திலும் ஆபீஸ் பஸ்ஸுக்கு எட்டாத இடத்தில் இருந்தவர்கள் விடுதியில் சேர்ந்திருந்த பெண் பிள்ளைகளே என்பதை நினைவுகூர வேண்டும். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவெயின்ஸன் அம்மையார் நிறுவிய, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியைப் போலச் சில இடங்களில் இன்றும் உறைவிடத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்லமுடியாது.

இப்போது மிஷன் விடுதிகளின் நீண்ட கூடங்கள் பலவற்றில் ஆட்கூட்டம் குறைந்துவிட்டது. விடுதி தேடுவோர் சோற்றுக்காகவோ ஜெபத்துக்காகவோ தேடுவதில்லை. மதிப்பெண்ணுக்காகப் பெருந்தொகை கட்டி வெகுதூரத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஏழைப் பிள்ளை ஊர்ப் பள்ளியிலேயே உண்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபெற்ற சத்துணவுக்கு மேல், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது கிடைக்கிறது. உறைவிடப் பள்ளியின் அடுப்பு முழுமையாகப் பகற்பள்ளிக்கு இடம் மாறிவிட்டது என்றே சொல்லலாம்.

அடுப்போடு கூடவே அந்த இரண்டாவது கேள்வியும் இடம் மாறி வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில், எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில், காலை உணவு சமைத்த பெண் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதால் பிள்ளைகளைப் பெற்றோர் உண்ணவிடவில்லை என்ற புகார் எழுந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதிகாரிகளும் அவ்வூருக்குச் சென்று பேசி, பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டார்கள். அது செய்யத்தக்க நற்காரியம். ஆனால் அமைச்சர்கள் நாள்தோறும் வரமுடியாது. நாள்தோறும் பள்ளியில் இருப்பவர் ஆசிரியரே. ஆசிரியர் மாணாக்கரோடு ஒரே வரிசையில் அமர்ந்து, அதே உலையில் வெந்ததை அதே நேரத்தில் உண்பது நல்ல குருகுலங்களில் விதியாக இருந்தது. நம் பகற்பள்ளிகளோ விடுதியின் அடுப்பை எடுத்துக்கொண்டபோது அந்த விதியை எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர் இன்றும் தம் வீட்டுச் சாப்பாட்டைத் தனி அறையில் உண்கிறார். தலைமையாசிரியர் முதல் அனைவரும் பிள்ளைகளின் பந்தியில் உண்ணவேண்டும் என்று கல்வி இலாகா ஓர் உத்தரவு பிறப்பிக்க அதிகப் பணம் தேவையில்லை. உசிலம்பட்டியைப் போன்ற கரிசல் கிராமங்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.